இரவல் குரல் என்று சொல்லாதீர்கள்

நம் இலக்கியக் கூட்டங்களிலும் திரைப்பட விமரிசனங்களிலும் ஒரு சொற்சேர்க்கை வெகு இயல்பாகப் புழங்குகிறது: இரவல் குரல். நடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் குரல் இரவல்தான் என்கிறார்கள். இரவல் என்றால் என்ன? பக்கத்து வீட்டில் அரிவாள்மணை வாங்கிவருகிறோம். காய் நறுக்கி முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்கிறோம். யாரிடம் வாங்கினோம் என்பதும் நினைவில் இருக்கிறது. குரல் விஷயத்தில் இவ்விரண்டும் நடப்பதில்லை. கொடுத்தவரின் பெயர் மறந்துபோகிறது, அல்லது மறைக்கப்படுகிறது. வாங்கியதோ திரும்பி வருவதே இல்லை. திரும்பி வராத பொருளுக்கு இரவல் என்று பெயர் வைத்த சமூகம் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லவரும் விஷயத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1993-இல் ஃபாசில் இயக்கத்தில் 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படம் வந்தது. கங்கா என்ற பெண்ணுக்குள் நாகவல்லி என்ற தஞ்சாவூர் நர்த்தகி புகுந்துகொள்வதாகக் கதை. ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த எவரையும் கேளுங்கள், முதலில் நினைவுக்கு வருவது எது? கங்காவின் தொண்டையிலிருந்து திடீரென்று எழும் அந்தத் தமிழ். கட்டிலைத் தூக்கும் கைகளைவிட அந்தக் குரல்தான் நம்மை நடுங்கவைத்தது. அதைக் கொடுத்தவர் மலையாளத்தின் புகழ்பெற்ற குரல் கலைஞர் பாக்யலட்சுமி என்றே இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் கேரளம் நம்பியது. கங்காவின் பகுதிக்குப் பேசியவர் அவர்தான். நாகவல்லிக்குப் பேசியவரோ துர்கா என்னும் தமிழ்நாட்டுக் கலைஞர் என்பதை ஃபாசிலே 2016-இல்தான் எழுதினார். இருபத்து மூன்று ஆண்டுகள்! ஒரு நாவலின் மிகச் சிறந்த அத்தியாயத்தை வேறொருவர் எழுதினார் என்று இத்தனை காலம் கழித்துத் தெரிந்திருந்தால் நம் சிற்றிதழ்கள் எத்தனை சிறப்பிதழ்கள் கொண்டுவந்திருக்கும்? துர்காவுக்காக நாம் ஒரு பத்தி எழுதினோமா?

இதைத் திரைப்படச் சங்கதி என்று ஒதுக்கிவிடக்கூடாது. என் கட்சி இதுதான்: பாவைக்கூத்துக்காரரும் தொலைக்காட்சியின் டப்பிங் கலைஞரும் செய்வது ஒரே தொழில். இருவரும் ஒரே வரலாற்றின் இரு முனைகள். முதலாமவரை 'அழிந்துவரும் கலை' என்று போற்றிக் கண்ணீர் வடிப்பதும், இரண்டாமவரை 'வணிகக் குப்பை' என்று ஒதுக்குவதும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள்.

தோல்பாவைக்கூத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னே ஒருவர் அமர்ந்திருக்கிறார். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணமிட்ட பாவைகள் அவர் கைகளில். இராமனுக்கும் அவரே பேசவேண்டும், கூனிக்கும் அவரே, அனுமனுக்கும் அவரே. பாடுவதும் அவரே. சண்டை வந்தால் காலால் கட்டையைத் தட்டி ஓசை எழுப்புபவரும் அவரே. பக்கத்தில் குடும்பத்தினர் ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிக்கிறார்கள். இராமாயணக் கதை இரவு இரவாக நாள்கணக்கில் நீளும். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்க்கதையெல்லாம் பேசிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பார்கள். அந்த இருவருக்கும் இரண்டு வெவ்வேறு தொண்டைகள், இரண்டு வெவ்வேறு அவசரங்கள், இரண்டு வெவ்வேறு முட்டாள்தனங்கள். ஒரு மனிதருக்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்ற வியப்பு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் ஒருவரைப் பார்க்கும்போதும் எழவேண்டும்தானே?

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இக்கலையை நிகழ்த்துபவர்கள் மண்டிகர் என்று அறியப்படும், வீட்டில் மராத்தி பேசும் மக்கள். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தோடு (1676இல் தொடங்கிய ஆட்சி அது) இவர்களுடைய வருகையை இணைத்துச் சொல்வது ஆய்வாளர் வழக்கம். தாய்மொழி ஒன்று, தொழில்மொழி இன்னொன்று. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தானுக்கு இராமன் பேசிய தமிழ் ஒரு மராத்தியரின் வாயிலிருந்து வந்தது. அ.கா. பெருமாளும் மு. இராமசாமியும் இம்மக்களைப் பற்றியும் இக்கூத்தைப் பற்றியும் உழைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அதே பக்கங்களைத் திருப்பித் திருப்பி நகலெடுத்து 'மறைந்துவரும் மரபுக்கலைகள்' என்று கருத்தரங்கக் கட்டுரை வாசிப்பதைத்தான் சொல்கிறேன். அக்கட்டுரைகளின் கடைசிப் பத்தியை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன்: தொலைக்காட்சியின் வருகையால் இக்கலை அழிந்தது; அரசு ஆவன செய்யவேண்டும்.

தொலைக்காட்சி கூத்துக் கொட்டகையின் கூட்டத்தைக் குறைத்தது உண்மை. அதற்கு முன்பே திரைப்படக் கொட்டகை குறைக்கத் தொடங்கியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் கொட்டகையின் தொழில் எங்கே போயிற்று என்று இவர்கள் கேட்பதில்லை. உருவம் ஒருபுறமும் குரல் மறுபுறமும் இருக்க, பார்ப்பவன் மனத்தில் இரண்டையும் ஒட்டவைக்கும் அந்த வித்தை மடியவே இல்லை; இடம் மாறியிருக்கிறது. 2007-இல் சுட்டி டிவி வந்து, டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசத் தொடங்கியபோது, உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் என்ன நடந்தது என்று நான் அறிவேன். சாலவாக்கத்திலும் மானாம்பதியிலும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், திருடவரும் குள்ளநரியை அதட்டும் வாசகத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு தெருவில் கூவினார்கள். ஒரு கதையின் வசனம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடமாவதைத்தானே நாம் வாய்மொழி மரபு என்கிறோம்? அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காவது அந்தக் குரலுக்குரியவரின் பெயர் தெரியுமா? தெரியாது. அவர்கள் பெற்றோருக்குத் தெரியாது. நாட்டார் வழக்காற்றியல் கற்பிக்கும் எங்களுக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து இந்த இருட்டிலிருந்து தப்பியது எதனால் என்று யோசித்தால் விஷயம் துலங்கும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. துரியோதன வேடம் யார் கட்டுகிறார், பாஞ்சாலி யார் என்பது ஊருக்கே தெரியும். முகம் தெரிகிற கலை அது. பின்னர் ந. முத்துசாமி போன்றவர்கள் சிற்றிதழ் வாசகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் புரிசையில் உட்காரவைத்தார்கள். புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-இல் பத்மஸ்ரீ வந்தது வரைக்கும் அந்தப் பாதை நீண்டது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் கட்டைக்கூத்துக்காகவே குருகுலம் நடத்தினார்கள். இலக்கியவாதிகள் கவனித்தால் ஒரு கலைக்கு என்ன நேரும் என்பதற்கு இது சான்று. முகம் மறைந்த கலைகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. திரைக்குப் பின்னே இருப்பவரைத் தேடிப்போக நமக்குப் பழக்கமில்லை.

பழக்கமில்லை என்பதை நம் பழைய இலக்கியத்திலேயே பார்க்கலாம். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் மரப்பாவை வருகிறது. கயிற்றால் ஆட, உயிருள்ளதுபோல் மயக்குவது. வெட்கங்கெட்டவனுக்கு அது உவமை. பக்தி இலக்கியத்திலோ ஆட்டுவிப்பவன் இறைவன், ஆடுபவர் நாம். பாவையைப் பார்த்தார்கள், கயிற்றைப் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்திருக்கும் விரல்களில் காய்ப்பு ஏறியிருக்குமே, அதை ஒருவரும் பார்க்கவில்லை. (சிலப்பதிகாரத்துப் பதினோராடலில் வரும் 'பாவை'யைப் பொம்மலாட்டம் என்று தேர்வில் எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அது திருமகள் ஆடியது; பொம்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பிள்ளைகள் பாவை என்றதும் பொம்மையை நினைக்கிறார்களே, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான்.) கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் பாவைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை எடை. இந்தியாவிலேயே மிகக் கனமான பாவைகள் அவை. ஆட்டுபவர் தலையில் வளையம் அணிந்து, அதிலிருந்து தொங்கும் கயிறுகளால் பாவையைச் சுமக்கிறார், கைகளில் கம்பிகள். இறைவனுக்கு உவமை சொல்லும்போது இந்தக் கழுத்து வலியையும் ஒரு புலவராவது சேர்த்திருக்கலாம்.

இனி இந்தத் தொழிலின் இலக்கணத்துக்கு வருகிறேன். 'டப்பிங் என்பது வெறும் வாயசைப்பு, அதில் என்ன இலக்கியம் இருக்கிறது' என்று கேட்பவர்கள், தமிழ் படித்தவர்களாக இருந்தால் கொஞ்சம் வெட்கப்படவேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்துப் பாருங்கள். பகரமும் மகரமும் இதழ்கள் இயைவதால் பிறப்பவை, வகரம் பல்லும் இதழும் இயைவதால் பிறப்பது என்று அங்கே இருக்கிறது. மொழிமாற்று வசனம் எழுதுபவரின் அன்றாடக் கைநூல் அதுதான், அவர் அதைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும். இந்தி நடிகரின் உதடு அண்மைக்காட்சியில் மூடித் திறக்கிறது. அவர் 'மே(ங்)' என்கிறார். நாம் 'நான்' என்றால் உதடு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடுகிறது, முகமும் அங்கேயே சுருங்குகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'நான்தான் அவனைக் கொன்றேன்' என்று ஒழுங்காக எழுதினால், அழவேண்டிய இடத்தில் 'அவனை' என்ற சொல் நின்றுகொண்டிருக்கும். ஆகவே 'கொன்னேன்... நான்தான்' என்று மாற்றுகிறார். அசை எண்ணிக்கை தவறக்கூடாது, உதடு மூடும் இடத்தில் பகரமோ மகரமோ விழவேண்டும், பொருள் கெடக்கூடாது, பேச்சாகவும் ஒலிக்கவேண்டும். வெண்பாவுக்குத் தளை பார்ப்பதைவிட இது எளிது என்று யாராவது நினைத்தால், ஒரு நிமிடக் காட்சிக்கு எழுதிப் பார்க்கட்டும்.

இதன் மறுபுறம் வென்ட்ரிலாக்விசம். அங்கே பாவையைத் தாங்கியவர் நம் கண்முன்னே நிற்கிறார், உதடு அசையக்கூடாது. ப, ம, வ மூன்றும் பகை. உதடு குவியும் உகர ஒகரங்களும் தொல்லை. அந்தப் பாவை 'ஆத்தா' என்று அழைத்துவிடும், 'அக்கா' என்னும், 'தாத்தா' என்னும். 'அம்மா' என்று அழைக்க முடியாது, 'அப்பா' என்றும் முடியாது. நாக்கை வைத்து ஏதோ ஒரு பொய்மகரம் செய்து சமாளிக்கவேண்டும். தமிழில் இதற்கு ஒரு செய்யுள் வகையே இருக்கிறது, நிரோட்டகம். இதழ் குவியாமலும் ஒட்டாமலும் பாடுவது. காஞ்சிபுரத்தில் பிறந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். செருக்குற்ற புலவர் ஒருவரோடு போட்டியிட்டு, தோற்றவர் வென்றவருக்கு அடிமை என்ற நிபந்தனையோடு பாடி வென்றார் என்பது வழிவழிக் கதை. வகுப்பில் இதைச் சொல்லும்போது 'சித்திரக்கவி, வெறும் சொல் விளையாட்டு' என்று நவீன இலக்கியம் படித்த மாணவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள் (நிரோட்டகத்துக்கு ஆகாத செயல்!). அவர்களுக்கு ராம்தாஸ் பாத்யேயின் நிகழ்ச்சியைக் காட்டவேண்டும் என்று தோன்றும்.

பாத்யேயைப் பற்றிச் சொல்லவேண்டும். மும்பைக்காரர், மராத்தியர். நம் பாவைக்கூத்துக்காரர்களின் வீட்டு மொழியும் மராத்திதான் என்பது தற்செயல் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல். இவருடைய தந்தை ஒய்.கே. பாத்யே உருவாக்கிய அர்த்தவட்ராவ் என்ற பாவை நூறாண்டைக் கடந்துவிட்டது. பெயருக்கு 'அரைகுறையார்' என்று பொருள் சொல்லலாம். மகன் 1967-இல் அந்தப் பாவையோடு தனியே மேடையேறினார். தூர்தர்ஷன் காலத்தில் அப்பள விளம்பரத்தில் சிரித்த முயலை நாற்பது கடந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதைச் செய்து இயக்கியவர் இவர். 1993-இல் 'ஜபாட்லேலா' என்ற மராத்திப் படத்தில் தாத்யா விஞ்சு என்ற கொலைகாரப் பொம்மை வந்தது. பொம்மை பாத்யேயுடையது, குரல் நடிகர் திலீப் பிரபாவள்கருடையது. ஒரே உருவத்தில் ஒருவர் கையும் இன்னொருவர் தொண்டையும்! மராத்தியில் இன்றும் அந்தப் பொம்மையின் பெயரைச் சொன்னால் இந்த இருவரின் பெயரும் சேர்ந்தே வரும். மனைவியும் மகனும் பாத்யேயோடு இதே தொழிலில் இருக்கிறார்கள். ஒரு மனிதர் பாவையும் குரலுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, பெயரோடும் மதிப்போடும் இருக்கமுடியும் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை.

போனால் அங்கே காரல் ஸ்பின்னி இருக்கிறார். 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் 1969 முதல் பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவைக்குள் நின்றவர். வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பறவையின் அலகை இயக்குவார். இடக்கை பறவையின் இடச்சிறகில். வலச்சிறகு ஒரு தூண்டில் நரம்பால் இடச்சிறகோடு பிணைக்கப்பட்டுத் தானே அசையும். வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. மார்பில் கட்டிய சின்னத் திரையில் தன் பறவையைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும். 2015-இல் உடல் தளர்ந்தபின் பறவையின் உடலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுக் குரலை மட்டும் தொடர்ந்தார். 2018-இல் ஓய்வு, 2019-இல் மரணம். செய்தித்தாள்கள் அவருக்குப் பெரிய அஞ்சலிகள் எழுதின. மஞ்சள் இறகுக்குள் ஐம்பது ஆண்டு முகம் காட்டாமல் இருந்தவருக்கு! முகம் தெரியாதது காரணமல்ல என்கிறேன். தெரிந்துகொள்ளும் விருப்பம் இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

ஜப்பானியரின் புன்ராகுவை எடுத்துக்கொள்வோம். அங்கும் ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கிறார். அவர் பெயர் தாயு. நம் தோல்பாவைக்காரரைப்போலத் திரைக்குப் பின்னே அல்ல, மேடைக்குப் பக்கத்தில் தனி மணையில், எல்லாரும் பார்க்க அமர்ந்திருக்கிறார். காட்சி தொடங்குமுன் கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் வந்து அவருடைய பெயரையும் ஷாமிசென் வாசிப்பவரின் பெயரையும் உரக்க அறிவிக்கிறார். அதன்பிறகு தாயு, தாம் பாடப்போகும் ஏட்டைத் தூக்கி நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார். எழுத்துக்கு வணக்கம், குரலுக்குப் பெயர். அந்த நாட்டின் மாபெரும் நாடகாசிரியரான சிகமாட்சு மொன்சாயெமொன் (1653–1725) தம் தலைசிறந்த நாடகங்களைப் பொம்மைகளுக்காகவே எழுதினார். பாவைக்காக எழுதிய நவீனத் தமிழ் எழுத்தாளர்கள் யார் யார் என்று எண்ண ஒரு கையின் விரல்களை மடக்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஓர் இயக்குநர் கூப்பிட்டால் திரைவசனம் எழுத ஓடுகிறோம். ஒரு தோல்பாவைக் குழுவுக்கு ஓர் இரவுக்கதை எழுதிக்கொடுக்க நம்மில் எவர் போனோம்?

நமக்கென்று கம்பன் இருக்கிறானே என்பீர்கள். இருக்கிறான், பாலக்காட்டுப் பக்கத்தில். அங்கே பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், இருபத்தொரு விளக்குகளின் பின்னணியில், மலையாளம் பேசும் புலவர்கள் இரவெல்லாம் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி, பாவைகளை ஆட்டி, உரையும் சொல்கிறார்கள். பல இரவுகளில் எதிரே ஒருவரும் இருப்பதில்லை. பகவதி கேட்கிறாள் என்பது நம்பிக்கை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதைப் பற்றி 1996-இல் ஒரு முழுநூலே எழுதினார். கே.கே. இராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் கம்பன் கழகங்கள் பட்டிமண்டபத்தில் கைகேயி நல்லவளா கெட்டவளா என்று விடியவிடிய வாதாடுகின்றன; கம்பனுக்காகத் தொண்டையைத் தேய்த்த இந்தப் புலவர்களில் எத்தனை பேரை அந்த மேடைகளில் ஏற்றியிருக்கிறோம்? தொலைக்காட்சி கொன்றது என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. தொலைக்காட்சி பாலக்காட்டிலும் உண்டு. அங்கே கோயில் கூலி கொடுத்தது, ஒரு சமூகம் நேர்த்திக்கடனாகச் செலவை ஏற்றது. இங்கே நாம் பாராட்டு மட்டும் கொடுத்தோம், அதையும் கலை சாகும் தறுவாயில்.

தூய்மைவாதிகளின் ஆட்சேபம் ஒன்று பாக்கி இருக்கிறது. பாவைக்கூத்து மண்ணின் கலை, டப்பிங் சந்தையின் சரக்கு என்கிறார்கள். தோல்பாவைக்காரர் சந்தைக்கு வெளியே என்றைக்கு இருந்தார்? அவரும் கொட்டகை போட்டு, சீட்டு விற்று, கூட்டம் கலையாமல் இருக்க நடுவில் திரைப்பாட்டுக்கு ஒரு பாவையை ஆடவிட்டுப் பிழைத்தவர்தான். வயிற்றுக்காகப் பாடியது நூறாண்டு கழிந்தால் மரபு, இன்று பாடினால் வணிகம் என்பது நல்ல கணக்கு. வெளிமாநிலத்து நடிகைக்குத் தமிழ் தெரியவில்லை என்று எழுதும் அதே பேனா, அவர் வாயில் தமிழை வைத்த சவிதாவையும் தீபா வெங்கட்டையும் அடைப்புக்குறிக்குள்கூட எழுதுவதில்லை. நடிகர் மோகனின் படங்களில் நம்மை உருகவைத்த குரல் எஸ்.என். சுரேந்தருடையது என்பது இன்றும் சிலருக்கு வினாடி வினாக் கேள்வி. தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கு இடம் உண்டு. தேசிய விருதுகளில் இல்லை. நாகவல்லி போன்ற ஒன்று நிகழ்ந்தபிறகும் இல்லை.

பெயர் தெரியாமல் இருப்பது பெருமை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, பிழைப்பைச் சார்ந்தது. பெயர் தெரிந்தவர்களின் கதியே எப்படி இருந்தது? 2018-இல் சின்மயி பாலியல் தொல்லை பற்றிப் பேசினார். அந்த நவம்பரிலேயே டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். அவர் அதை ஏற்கவில்லை, நீதிமன்றம் போனார். '96' படத்தில் த்ரிஷாவுக்கு அவர் பேசி, ஊரே அந்தக் குரலைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. மறுபடி 2023-இல் 'லியோ' படத்தில் த்ரிஷாவுக்கே பேசினார். நடுவில் போன ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? பாட்டாலும் பொதுப்பேச்சாலும் பெயர்பெற்ற ஒருவருக்கே இப்படியென்றால், ஊர்பேர் தெரியாத ஒரு கூட்டக் குரலுக்கு என்ன நேரும்?

நேரக்கூடியதை நான் கொஞ்சம் அறிவேன். என்னிடம் இளங்கலை படித்த ஒருவன் இத்தொழிலில் இருக்கிறான். உத்திரமேரூரிலிருந்து அதிகாலைப் பேருந்தில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில், கோடம்பாக்கம். நாள் முழுக்க நின்றால் சில நாள் வேலை உண்டு, சில நாள் இல்லை. முதலில் கலவரக் கும்பலில் ஒரு குரல், பிறகு சிப்பாய், பிறகு சிறுவர் தொடரில் மிருகங்கள். ஒருநாள் தொலைபேசியில், "ஐயா, நேத்து அந்தக் கரடி நான்தான், பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன். கரடிக்கு எங்கள் பக்கத்து இழுவை கொஞ்சம் ஒட்டியிருந்தது. தேர்ந்த காதுக்கு மட்டும் கேட்கும் அளவு. நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடவேண்டிய இடத்தில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரம் ஓடியது. பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வாரியத்துக்கு யாரைத் தேர்வது என்று ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போடும் முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் எங்களுடையது. பெயரெழுதுவது அவ்வளவு கடினமான காரியமில்லை என்று தெரிந்தவர்கள்.

2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் பாடவைத்தார். குடும்பங்களின் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை வழங்கியதாகவும் அறிவித்தார். பெயர் பெற்றவர்கள் என்பதால் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. இப்போது பாவையாட்டம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது; இதுவரை பாவைக்குக் குரல் கொடுத்தோம், இனி குரலே பாவை. கயிறு யார் கையில் என்பதுதான் கேள்வி. பெயரே பதிவாகாத ஒருவரின் பத்தாண்டுக் கரடிகளையும் சிப்பாய்களையும் ஓர் இயந்திரத்துக்குப் புகட்டினால், அவர் எந்த நீதிமன்றத்தில் போய் இது என்னுடையது என்று நிறுவுவார்? எந்தத் தொடரில் அவர் பெயர் ஓடியது என்று காட்டுவார்? மாணவர்களுக்கு நான் நாட்டார் வழக்காற்றியலில் 'ஆசிரியரறியாத் தன்மை' என்று ஒரு பாடம் நடத்துகிறேன். வாய்மொழி இலக்கியத்தின் இயல்புகளில் ஒன்று அது என்று புத்தகத்தில் இருக்கிறது. அறியாமலிருந்தது அவர்களுடைய இயல்பா, குறித்துவைக்காத நம்முடைய இயல்பா என்ற கேள்வியையும் இப்போதெல்லாம் சேர்த்தே நடத்துகிறேன்.

சென்ற மாதம் அந்த மாணவன் ஓர் ஒப்பந்தத்தின் படியை எனக்கு அனுப்பினான். ஆங்கிலம், பதினோரு பக்கம். எட்டாம் பக்கத்தில், பதிவாகும் குரலை 'இன்றுள்ளதும் இனி உருவாகக்கூடியதுமான எல்லாத் தொழில்நுட்பங்களிலும், எக்காலத்துக்கும்' பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கே என்று ஒரு வாசகம். அதற்குத் தனித்தொகை எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஒரு நாள் கூலிதான் எல்லாவற்றுக்கும். அந்த வாசகத்தை நீக்கவேண்டும், அல்லது ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி அனுமதி, தனித் தொகை, பெயர் என்று எழுதித் தரவேண்டும் என்று கேட்கச் சொன்னேன். கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் ஐயா என்றான். ஆனாலும் கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை.